கண்ணாடிக்குள் ஓர் அமானிதம்

உயிர் ஒன்றை அதன் அழகுக்காக அடைத்து வைக்கலாமா? இவ்வினாவை நாம் நூல்களில் படித்திருக்கிறோம். மாணவர்க்குப் பாடமாகவும் நடத்தியிருக்கிறோம். ஆயினும் அது நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து விடை கேட்ட நாளில்தான், பாடம் நடத்துவது வேறு, அறிந்திருப்பது வேறு என்பது நமக்கு விளங்கிற்று.

ஐந்தாம் வகுப்பில் பயிலும் நம் பேத்தி, தோழி ஒருத்தியின் வீட்டில் மீன்தொட்டியைக் கண்டு வந்து, தனக்கும் மீன் வேண்டுமெனக் கேட்டாள். பெரம்பலூருக்கு அலுவலாகச் சென்ற நாம், திரும்பும்போது உருண்டை வடிவக் கண்ணாடிக் குடுவை ஒன்றும், அதனுள் விடத் தங்கமீன் இரண்டும் வாங்கி வந்தோம். விலை மலிவு, மீன்களோ கண்ணைப் பறிக்கும் செந்நிறம். கடைக்காரர் எதுவும் சொல்லவில்லை. நாமும் எதுவும் கேட்கவில்லை. குழந்தை காலையும் மாலையும் தவறாது தீனி போட்டாள். நம் வீட்டார் அவ்வப்போது தம் பங்குக்கும் ஒரு சிட்டிகை தூவினர். ஒன்பதாம் நாள் காலையில் இரண்டு மீன்களும் மிதந்தன.

அதே வாரத்தில்தான் நாம் மதரஸாவில், பூனையைக் கட்டி வைத்துப் பட்டினியால் சாகடித்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை நடத்திக்கொண்டிருந்தோம். பேத்தியும் அப்பாடத்தைக் கேட்டிருந்தாள். குடுவையை உற்றுப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "நன்னா, அந்தப் பொம்பளை பூனைக்குச் சாப்பாடே போடலை. நாம தினம் ரெண்டு வேளையும் போட்டோமே, அப்புறம் ஏன் செத்துப் போச்சு? நமக்கும் பாவமா?"

முப்பது ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வரும் நமக்கு அப்போது விடை கிடைக்கவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதைத் தேடியபோது கிடைத்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முதலில், வளர்ப்பதே ஆகாது என்று சொல்லித் தப்பிவிட முடியாது. அபூ உமைர் என்னும் சிறுவர் ஒரு சிறு பறவையை வைத்து விளையாடி வந்ததும், அது இறந்தபின் அச்சிறுவரின் வாட்டத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அப்பறவையைப் பற்றிப் பரிவோடு விசாரித்ததும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ள செய்தி. ஹிஜ்ரி 335ஆம் ஆண்டில் மறைந்த ஷாஃபிஈ சட்ட அறிஞர் இப்னுல் காஸ் அவர்கள், இந்த ஒரு சிறு செய்தியிலிருந்து அறுபது பயன்களை எடுத்துக்காட்டித் தனி நூலே இயற்றினார். பறவையை வீட்டில் வைத்து வளர்ப்பது கூடும் என்னும் முடிவுக்கு அறிஞர் பலர் இச்செய்தியைச் சான்றாகக் கொள்வர். ஆக, அழகை அருகில் வைத்து மகிழ்தல் குற்றமன்று. குழந்தையின் உள்ளம் மற்றோர் உயிரோடு பழகி விரிவதைச் சமயம் தடுக்கவும் இல்லை.

ஆயின் அனுமதி என்பது கதவைத் திறந்துவிடுவது மட்டுமே. உள்ளே நுழைந்தபின் நடக்கும் முறை வேறு பாடம். பூனையைப் பற்றிய நபிமொழியைச் சற்றே நிதானித்து நோக்கினால் இது புலனாகும். அப்பெண்ணின் குற்றம் பூனையை வைத்திருந்தது அன்று. தானும் உணவளிக்காமல், பூமியில் ஊர்வனவற்றைப் பிடித்துத் தின்னவும் விடாமல் வைத்திருந்ததே குற்றம். வெளியில் திரியும் பூனைக்கு உணவளிக்கும் பொறுப்பு நம்முடையதன்று. கதவைச் சாத்தும் அக்கணத்தில், அதுவரை பரந்த உலகம் அதற்குச் செய்து வந்தவை அனைத்தும் சாத்தியவரின் கடமையாகிவிடுகின்றன. அடைப்பவர், தாம் அடைத்த உயிருக்கு உலகமாகிவிடுகிறார்.

பூனைக்கு நாம் மறைப்பது உணவை. மீனுக்கு நாம் மறைப்பது எதனை? இங்கேதான் நம் அறியாமை வெளிப்பட்டது. மீன் தான் வாழும் நீரிலேயே உண்கிறது. அதே நீரில் கழிக்கிறது. அதே நீரையே சுவாசிக்கிறது. மீனின் செவுள் வழியாகவும் கழிவின் வழியாகவும் அம்மோனியா என்னும் நச்சு நீரில் சேர்கிறது. உண்ணாது எஞ்சிய தீனி அழுகி அதனையே மேலும் பெருக்குகிறது. ஏரியில் நீரின் பரப்பும், மண்ணும், பாசியும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் இந்நச்சைத் தாங்கி மாற்றிவிடுகின்றன. ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. மற்றொருவகை அதனை நைட்ரேட்டாக மாற்றும். அதன் தீங்கு மிகக் குறைவு. புதிதாக நீர் நிரப்பிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் இரா. அவை பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். நாமோ குழாய்நீரை நிரப்பிய அன்றே மீனை விட்டோம். அந்நீரில் கிருமி கொல்லும் குளோரினும் கலந்திருக்கும் என்பதை எண்ணவே இல்லை. ஒருநாள் முழுதும் திறந்த வாளியில் வைத்திருந்தால் அது பெரிதும் நீங்கியிருக்கும்.

ஆக, பேத்தியின் கேள்விக்கு முதல் விடை இது: தீனி போட்டும் செத்தன என்பதல்ல, தீனி போட்டதாலேயே விரைந்து செத்தன. பூனைக்காரி கொடாமல் கொன்றாள். நாம் கொடுத்துக் கொன்றோம். அன்பு இருந்தது; அறிவு இல்லை.

வாங்கியது எத்தகைய மீன் என்பதையும் பின்னரே அறிந்தோம். தங்கமீன் கெண்டையின் இனத்தைச் சேர்ந்தது. விரல் நீளத்தில் விற்கப்படும் அது, நல்ல இடமிருந்தால் ஒரு சாணுக்கும் மேல் வளரும். பத்தாண்டுகளுக்கு மேலும் வாழும். இங்கிலாந்தில் 1956இல் ஒரு சந்தையில் பரிசாகப் பெறப்பட்ட தங்கமீன் ஒன்று 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999இல் இறந்ததாகப் பதிவு உண்டு. நாற்பதாண்டு வாழத்தக்கதை நாம் ஒன்பது நாளில் முடித்தோம்! உருண்டைக் குடுவையில் கழுத்துவரை நீர் நிரப்பினால், காற்றோடு உறவாடும் நீர்ப்பரப்பு உள்ளங்கையளவே எஞ்சும். அதன் வழியே இறங்கும் உயிர்க்காற்று எதற்குப் போதும்? இத்தாலியின் மோன்ஸா நகர் 2004இலும், ரோம் நகர் 2005இலும் மீன்களை இத்தகைய குடுவையில் வைப்பதற்குத் தடை விதித்தன. நம் நாட்டிலும் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மனிதர் அல்லாத எவ்வுயிரையும் விலங்கு என்றே கொள்கிறது; உடல் அசைந்து திரிய இடம் போதாத கூண்டில் அடைப்பதைக் குற்றமெனக் கூறுகிறது. சட்டம் நம் குடுவையைத் தேடி வரப்போவதில்லை. ஆயினும் அது சொல்லும் நியாயம் நமக்குப் புதியதன்று.

ஏனெனில், அதனையே ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் அவர்கள் எழுதி வைத்தார்கள். திமிஷ்கில் பிறந்து, எகிப்தில் நீதிபதியாக விளங்கி, ஹிஜ்ரி 660இல் மறைந்த அப்பெருமகனார், மனிதன் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளைத் தம் சட்ட நூலில் வரிசைப்படுத்துகிறார். அவற்றுள் மூன்று நம் பொருளுக்கு நேராக அமைகின்றன. அவற்றின் தாங்குதிறனுக்கு மேல் சுமத்தலாகாது என்பது ஒன்று. தன் இனமாயினும் பிற இனமாயினும், உடைத்தோ முட்டியோ காயப்படுத்தியோ தீங்கு செய்யும் உயிரோடு சேர்த்து வைக்கலாகாது என்பது இரண்டு. முதுமையாலோ நோயாலோ பயன்படாது போனபின்னும் அவற்றின் செலவை ஏற்க வேண்டும் என்பது மூன்று. ஒட்டகத்தையும் கழுதையையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்ட இம்மூன்றும், இரண்டடித் தொட்டிக்கு மீன் தேர்ந்தெடுப்பவர்க்கு அப்படியே பொருந்துகின்றன.

இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் கொண்ட தொட்டியில் ஏறத்தாழ 55 லிட்டர் நீர் கொள்ளும். முதல் உரிமைப்படி, இந்நீர் தாங்கக்கூடிய மீன் எது என்றே கேட்க வேண்டும். மீனின் இன்றைய அளவைப் பார்த்தல் கூடாது, முழுவளர்ச்சி அளவைப் பார்க்க வேண்டும். ஆஸ்கார் மீன் ஓரடிக்கு வளரும். வெள்ளிச் சுறா என்று விற்கப்படுவதும் அவ்வாறே. தொட்டியைத் தூய்மை செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன் ஓரடியையும் தாண்டும். இவை யாவும் கடையில் விரல் நீளமே இருக்கும். இவற்றை வாங்குபவர், வளர வளரக் குறுகும் சிறை ஒன்றை வாங்குகிறார்.

நீரின் இயல்பும் சுமையே. நம் அரும்பாவூரில் ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெண்ணிறமாகப் படிவதைப் பெண்கள் அறிவர். இது கடினநீர். அமேசான் காட்டு ஓடைகளின் மென்னீரில் பிறந்த இனமாகிய நியான் டெட்ராவுக்கு இது ஒத்ததன்று. கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவற்றுக்கோ கடினநீரே உகந்தது. இங்கு நம் ஊர்ச் சிற்பிகளை நினைக்கிறோம். ஒரே மரத்துண்டில் முழு உருவத்தையும் செதுக்கும் அவர்களின் கலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் உளியை எடுக்குமுன் மரத்தைத் தட்டியும் தடவியும் பார்த்து, இது எதற்கு இசையும் என்று முடிவு செய்கின்றனர். மரத்துக்கே அத்துணை ஆராய்ச்சி செய்யும் ஊரில் வாழ்ந்துகொண்டு, உயிரை நாம் நிறத்தைப் பார்த்து வாங்கினோம்.

இரண்டாம் உரிமை, துணையைப் பற்றியது. ஃபைட்டர் மீனின் ஆண்கள் இரண்டினை ஒரு தொட்டியில் விட்டால் ஒன்றையொன்று கிழித்துவிடும். அது வேண்டுமெனில் ஒன்றே போதும். தனிமை அதற்குத் துன்பமன்று. டைகர் பார்ப் என்னும் வரிமீன், நீண்ட துடுப்புள்ள பிறவற்றைக் கடித்து ஓயாது துன்புறுத்தும். ஏஞ்சல் மீன் வளர்ந்தபின் வாய்க்கு அடங்கும் சிறுமீனை விழுங்கிவிடும். மாறாக, கங்கைச் சமவெளியின் நீர்நிலைகளுக்குரிய ஸீப்ரா மீன் கூட்டமாக வாழ்வது. ஒன்றிரண்டாக வைத்தால் அஞ்சி ஒடுங்கும், ஆறேனும் வேண்டும். ஒன்றுக்குத் துணை கொடுமை. மற்றொன்றுக்குத் தனிமை கொடுமை. எல்லா உயிருக்கும் நம் விருப்பப்படியே நன்மை செய்துவிடலாம் என்று எண்ணுவது பிழை என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

மூன்றாம் உரிமைதான் மிகக் கடினமானது: பயன்படாதபோதும் செலவை ஏற்றல். சக்கர் மீன் வளர்ந்து தொட்டி போதாமற்போனால் மக்கள் என்ன செய்கின்றனர்? 'பாவம், போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும்' என்று ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுகின்றனர். புண்ணியம் செய்ததாகவும் மகிழ்கின்றனர். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அம்மீன் இன்று தமிழ்நாட்டின் நீர்நிலைகள் பலவற்றில் பெருகிவிட்டது. எலும்புத் தகடு போர்த்த அதன் உடலை நம் ஊர் மீன்கள் தின்ன மாட்டா. மீனவரின் வலையைக் கிழிக்கிறது. சந்தையில் அதற்கு விலையும் இல்லை. ஓர் உயிர்க்கு இரங்குவதாக எண்ணி, ஓர் ஏரிக்கும் அதனை நம்பிய ஏழைகளுக்கும் தீங்கு செய்தோம். இரக்கம் என்பது நம் பாரத்தை நம் கண்ணுக்கெட்டாத இடத்தில் இறக்கி வைப்பதன்று. கடைசிவரை வைத்திருக்க முடியாததை முதல் நாளிலேயே வாங்காதிருப்பதுதான் இரக்கம்.

இதனைச் சொல்லும்போது, மாணவர் சிலர் ஒரு மாலையில் கொண்டுவந்த புட்டி நினைவுக்கு வருகிறது. நம் செய்தி அறிந்து நம்மை மகிழ்விக்க எண்ணிய அவர்கள், ஊர் ஏரியில் துண்டை விரித்துப் பிடித்த செந்நிறக் குஞ்சுகளைக் கொண்டுவந்தனர். "உஸ்தாத், கடையில வாங்க வேணாம், இதுவும் கலர் மீன்தான்" என்றனர். பார்த்தோம்: விரால் குஞ்சுகள்! விரால் குஞ்சு சிறியதாயிருக்கையில் செந்நிறமாகத் திரளாக நீந்தும்; தாயும் தந்தையும் அத்திரளை விட்டகலாது காவல் நிற்கும். சில வாரங்களில் அந்நிறம் மறையும். பின்னர் அது பிற மீனைத் தின்று இரண்டடிக்கும் வளரும். நிறத்தை நம்பித் தொட்டியில் இட்டிருந்தால் என்னாகும்? நாம் அம்மாணவர்க்கு நபித்தோழர்கள் ஒரு பயணத்தில் பறவைக் குஞ்சுகளை எடுத்துவந்ததையும், தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபியவர்கள் குஞ்சுகளைத் திருப்பி வைக்குமாறு கூறியதையும் எடுத்துரைத்தோம். விளக்கேற்றுமுன் அவர்கள் புட்டியை எடுத்துக்கொண்டு, பிடித்த கரையிலேயே கொண்டுபோய் விட்டு வந்தனர். எடுத்த இடத்திலேயே உடனே திருப்பி விடுவது மீட்சி. எங்கிருந்தோ வந்ததை எங்கேயோ விடுவது கைகழுவல். இரண்டும் ஒன்றன்று.

எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதும் தேர்வில் அடங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் மட்டுமே வாழும், 'மிஸ் கேரளா' என்று வணிகர் பெயரிட்ட அழகிய மீன், தொட்டிகளுக்காக ஓயாது பிடிக்கப்பட்டதால் அருகிவரும் உயிர்களின் பட்டியலில் இடம்பெற்றது. பண்ணையில் பிறந்து வளர்ந்த கப்பியை வாங்கினால் எந்த ஓடையும் வறுமையடைவதில்லை.

இவற்றையெல்லாம் கேட்ட நம் நண்பர் ஒருவர், தொழுகை முடிந்து வரும் வழியில் நகைத்தார். "அஜரத், வெள்ளிக்கிழமை ஒரு கிலோ கெண்டை வாங்கிக் குழம்பு வச்சுச் சாப்பிடுறோம். ரெண்டு விரல் மீனுக்கு இவ்வளவு பெரிய மஸ்அலாவா?" என்றார். கேள்வி நியாயமானதே, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நாம் சிந்தித்துச் சொன்னது இது: உணவுக்காக உயிரைக் கொள்வதற்கு இறைவன் அனுமதி தந்தான், தேவை கருதித் தந்தான், அதனையும் துன்பம் குறையச் செய்க என்று கட்டளையிட்டான். ஆனால் உயிருள்ளதை விளையாட்டுக் குறியாக வைத்து அம்பெய்வதைத் தடுத்தான். அம்பு பாய்வது இரு நிலையிலும் ஒன்றே. வேறுபடுவது எதற்காக என்பதே. குழம்பு மீன் நம் தேவைக்கு வந்தது. தொட்டி மீனோ நம் மகிழ்ச்சிக்காகவே வந்தது. அதுவும் செத்தபின் அன்று, வாழ்வதால் மட்டுமே மகிழ்ச்சி தருவது. நம் மகிழ்ச்சிக்காக வாழ வைக்கப்பட்ட உயிர் நாள்தோறும் மெல்ல மூச்சுத் திணறுமானால், அம்மகிழ்ச்சிக்கு வேறு பெயர் தேட வேண்டும். நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப குழம்பு வைக்கலாம்ல?" என்று கேட்டுச் சிரித்தார். நாமும் சிரித்தோம்.

இனி, பேத்தி கேட்ட இரண்டாம் கேள்வி: "நமக்கும் பாவமா?"

அறியாமற் செய்த பிழையை இறைவன் மன்னிப்பான் என்பது நம் நம்பிக்கை. ஆயினும் நம் சட்ட அறிஞர்கள் ஒரு நுட்பத்தைக் காட்டுகின்றனர். தவறுதலாகப் பிறர் பொருளை உடைத்தவர்க்குப் பாவம் நீங்கும். ஈடு செய்யும் பொறுப்பு நீங்காது. மருத்துவம் கல்லாமல் மருத்துவம் செய்தவர், நல்லெண்ணத்தோடு செய்திருப்பினும், விளைந்த கேட்டுக்குப் பொறுப்பாளியே என்பது நபிமொழி வழி வந்த தீர்ப்பு. அங்கே நல்லெண்ணம் அவரைக் காக்கவில்லை. ஏனெனில் கற்றிருக்கலாம், அல்லது தெரிந்தவரிடம் விட்டிருக்கலாம். கேட்டறிய வழியிருந்தும் கேளாதவரின் அறியாமை, அறியாமை என்னும் பெயருக்கு முழுதும் உரியதன்று. அதில் சோம்பலும் பாதி கலந்திருக்கிறது. பெரம்பலூர்க் கடையில் ஒரே ஒரு கேள்வி கேட்க நமக்கு நா எழவில்லையே!

ஈடு யாருக்குச் செய்வது? செத்த மீனுக்கு எதனைக் கொடுப்பது? அடுத்த மீனுக்கு முன்னர்க் கற்றுக்கொள்வது ஒன்றே நமக்குப் புலப்பட்ட ஈடு. பேத்தியிடம் இவ்வாறே சொன்னோம்: "பாவத்தை அல்லாஹ் மன்னிப்பான், கண்ணு. ஆனா கடன் இருக்கு. அதை நாம படிச்சுத்தான் அடைக்கணும்."

அடைத்த விதமும் சுருக்கமே. இரண்டடித் தொட்டி ஒன்றை வெயில் படாத சுவரோரம், பாரம் தாங்கும் மேடையில் வைத்தோம். கோடையில் நீர் சூடேறினால் அதில் கரையும் உயிர்க்காற்று குறையும். மணல் பரப்பி, ஒருநாள் திறந்து வைத்த நீரை நிரப்பி, காற்று மோட்டாரில் இயங்கும் பஞ்சு வடிகட்டியைப் பொருத்தினோம். மீன் விடவில்லை. நுண்ணுயிர்க்கு இரையாக நாள்தோறும் ஒரு சிட்டிகைத் தீனி மட்டும் இட்டு, ஐந்து வாரம் காத்திருந்தோம். வீட்டுக்கு வந்தவரெல்லாம் மீனில்லாத தொட்டியைக் கண்டு நகைத்தனர். பேத்தி மட்டும் ஒவ்வொருவருக்கும், "இன்னும் தண்ணி தயாராகலை" என்று பொறுமையாக விளக்கினாள். அதன்பின் கப்பி மீன் ஆறு வாங்கினோம், ஆறும் ஆண்கள். பெண்மீனும் சேர்ந்தால் மாதந்தோறும் குஞ்சு ஈன்று தொட்டி நிறைந்துவிடும். நிறைந்தால் ஏரிக்குத் தூக்கிச் செல்லும் எண்ணம் வந்துவிடும். ஆறே போதும் என்றமைக்கு இன்னொரு காரணமும் உண்டு: மின்சாரம் நின்று மோட்டார் ஓயும் வேளையில், மீன் குறைந்த தொட்டி சில மணி நேரம் தாங்கும்.

வாரந்தோறும் வெள்ளிக்கிழமை காலையில், நீரில் கால்பங்கை எடுத்துவிட்டுப் புதுநீர் சேர்ப்பது பேத்தியின் பொறுப்பு. வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுகிறாள். குழாய்நீரில் அலசினால் நுண்ணுயிர் மடியும் என்பது அவளுக்குத் தெரியும். தீனி ஒருவேளைதான், இரண்டு நிமிடத்தில் உண்டு தீரும் அளவே. வீட்டார் யாரும் தம் பங்குக்குத் தூவக்கூடாது என்று எழுதித் தொட்டியின் மேல் ஒட்டி வைத்திருக்கிறாள். அந்த எச்சரிக்கை முதன்மையாக யாருக்கென்பதை நாம் அறிவோம்.

அவ்வுருண்டைக் குடுவை இன்னும் நம் அலமாரியில் வெறுமையாகவே இருக்கிறது. எறிந்துவிடலாமே என்று மருமகள் கேட்டார். வேண்டாமென்றோம். பாடம் நடத்தச் செல்லுமுன் அது கண்ணில் படுவது நமக்கு நல்லது.